அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே: பழைய ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு கேபிள் வந்தபோது, பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும் அலைவரிசையில் இரவானால் டி.என்.டி. தொடங்கிவிடும். கருப்பு வெள்ளை ஆங்கிலப் படங்கள். சப்டைட்டில் கிடையாது, பாதி வசனம் புரியாது. புரியாததாலோ என்னவோ, முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கைந்து படம் பார்த்ததும் ஒரு விஷயம் பிடிபட்டது. கதாநாயகர்கள் மாறுகிறார்கள், ஆனால் ஓட்டல் மேனேஜரும், டாக்டரும், வீட்டுவேலை செய்யும் அம்மாவும் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

பழைய படங்கள் பார்க்கத் தொடங்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் 1930களிலிருந்து 1950கள் வரையிலான படங்கள். சில இடங்களில் கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணச்சித்திர நடிகர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? துணை நடிகர்கள் எல்லோருமா?

இல்லை. கூட்டத்தில் நிற்பவர், ஒரு வரி பேசிவிட்டுப் போகிறவர், இவர்களெல்லாம் வேறு. குணச்சித்திர நடிகருக்குக் கதையில் ஒரு ஆள் இருக்கிறான்: அவனுக்கு ஒரு தொழில், ஒரு பழக்கம், ஒரு கவலை. படம் அவனைப் பற்றியது இல்லை, அவ்வளவுதான். கதாநாயகன் உள்ளே வருவதற்கு முன்பே அந்த ஊரில் குடியிருந்தவன் மாதிரி அவன் தெரிய வேண்டும். அப்படித் தெரியவைப்பதுதான் இவர்களுடைய வேலை. நட்சத்திரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இவர்களுக்குச் சில சமயம் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் இவர்களைக் கொண்டாடுவதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காலத்தில் மட்டும் எப்படி இத்தனை பேர் இருந்தார்கள்?

ஸ்டூடியோ அமைப்பு. வார்னர் பிரதர்ஸ், எம்.ஜி.எம்., பாரமவுண்ட், ஃபாக்ஸ் போன்ற ஸ்டூடியோக்கள் படத்தைத் தொழிற்சாலை மாதிரி தயாரித்தன. 1930களில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 படங்களுக்கு மேல் வந்தன. அத்தனை படத்துக்கும் நீதிபதி வேண்டும், பட்லர் வேண்டும், மாமியார் வேண்டும், அடியாள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடிகர்களை வாரச் சம்பளத்துக்கு, ஏழு வருடம் வரை நீளும் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். சிலர் ஒப்பந்தம் இல்லாமல் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் இரண்டு மூன்று நாள் வேலை செய்துவிட்டு வருவார்கள். ஒரே வருடத்தில் எட்டு பத்து படங்களில் தலைகாட்டியவர்கள் ஏராளம்.

தாமஸ் மிட்சலின் 1939ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். 'கான் வித் தி விண்ட்' படத்தில் நாயகி ஸ்கார்லெட்டின் அப்பா. 'ஸ்டேஜ்கோச்' படத்தில் குடிகார டாக்டர். 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் பத்திரிகையாளர். 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்' படத்தில் கண்பார்வை மங்கிவரும் விமானி. 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோட்டர்டாம்' படத்தில் பிச்சைக்காரர்களின் ராஜா. ஐந்தும் ஒரே ஆண்டில் வந்தவை, ஐந்தும் இன்றுவரை பார்க்கப்படுபவை. வேறு யாருக்காவது இப்படி ஒரு ஆண்டு அமைந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். அதில் டாக்டர் வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

'காசாபிளாங்கா' படத்தை ஏன் எல்லோரும் இந்த நடிகர்களுக்காகவே பார்க்கச் சொல்கிறார்கள்?

அந்தப் படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அது வேறு படமாகிவிடும்.

கதை சுருக்கமாக: இரண்டாம் உலகப்போர் நேரம். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போக நினைப்பவர்கள் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் விசாவுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். ரிக் என்ற அமெரிக்கன் நடத்தும் மதுவிடுதியில் எல்லோரும் கூடுகிறார்கள். ரிக்காக ஹம்ப்ரி போகார்ட். 1942 நவம்பரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அப்போது போர் முடியவில்லை, யார் ஜெயிப்பார்கள் என்றும் தெரியாது.

டைட்டிலில் பெயர் வரும் நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், அதிலும் பலர் உண்மையிலேயே தப்பி வந்தவர்கள். வெயிட்டர் கார்லாக வரும் எஸ்.இசட். சகால் ஹங்கேரிய யூதர். அவருடைய சகோதரிகள் மூன்று பேர் வதைமுகாம்களில் இறந்தார்கள். சூதாட்ட மேஜையில் நிற்கும் மார்செல் டாலியோ பிரான்சில் இயக்குநர் ழான் ரென்வாரின் படங்களில் முக்கிய வேடங்களில் நடித்தவர். நாஜிகள் பாரிசைப் பிடித்த பிறகு, அவருடைய முகத்தைச் சுவரொட்டியில் போட்டு 'யூதன் இப்படித்தான் இருப்பான்' என்று ஒட்டினார்கள். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்தது இந்தச் சிறிய வேடம். டைட்டிலில் பெயர்கூட இல்லை.

'கழுகுகள் எங்கும் திரிகின்றன, ஜாக்கிரதை' என்று ஒரு பயணியை எச்சரித்தபடியே அவருடைய பர்சை அடிக்கும் பிக்பாக்கெட் கர்ட் போய்ஸ். பெர்லினில் குழந்தை நட்சத்திரமாக 1907லேயே திரைக்கு வந்தவர். போருக்குப் பிறகு ஜெர்மனிக்கே திரும்பி, 1987இல் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தில் பெர்லின் தெருக்களில் அலையும் முதியவராக நடித்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து பாருங்கள்.

நாஜி மேஜர் ஸ்ட்ராஸராக வரும் கான்ராட் வைட் ஜெர்மானியர். மனைவி யூதர் என்பதால் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். எந்தக் கூட்டத்தை வெறுத்து வந்தாரோ அந்தக் கூட்டத்து அதிகாரியாகவே நடித்தார். அவனிடம் பார்வையாளர் துளிகூட இரக்கம் கொள்ள இடம் தரவில்லை. அடுத்த வருடமே, 50 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

இப்போது அந்தப் பாட்டுக் காட்சிக்கு வாருங்கள். ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் நாட்டுப் பாட்டைப் பாடுகிறார்கள். தலைமறைவுப் போராளி லாஸ்லோ இசைக்குழுவிடம் போய் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறான். ரிக் லேசாகத் தலையசைக்கிறான். கூட்டம் முழுக்க எழுந்து பாடுகிறது. குளோசப்பில் ஒரு இளம்பெண் கண்ணீரோடு பாடுவாள், மதலின் லெபோ. அன்று மாலைதான் ஒரு ஜெர்மன் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த பெண் அவள். படம் எடுத்தபோது லெபோவுக்கு 19 வயது. அப்போது டாலியோவின் மனைவி. கணவரும் மனைவியுமாகப் பாரிசிலிருந்து லிஸ்பன் வழியாகத் தப்பி வந்து ஈராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காட்சியை எடுக்கும்போது கூட்டத்தில் பலர் நிஜமாகவே அழுதார்கள் என்று, படத்தில் நடித்த டான் சீமோர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த முகத்தில் தெரிவதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அந்தப் படத்தில் போலீஸ் கேப்டனாக வருபவர் யார்? அவரை மறக்கவே முடியவில்லை.

கிளாட் ரெய்ன்ஸ். லண்டன்காரர், 1889இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் விஷவாயுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பிறகு லண்டனில் நடிப்புக் கல்லூரி ஆசிரியர். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். ஹாலிவுட்டில் முதல் பெரிய வேடம் 1933இல் 'தி இன்விசிபிள் மேன்'. படம் முழுக்கக் கட்டும் கண்ணாடியும்தான், முகம் கடைசிக் காட்சியில்தான் தெரியும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தூக்கி நிறுத்தினார்.

'காசாபிளாங்கா'வில் அவர் மதுவிடுதியை மூடும் இடத்தை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். என்ன காரணம் என்று ரிக் கேட்கிறான். இங்கே சூதாட்டம் நடப்பதைக் கேட்டு அதிர்ந்துபோனேன், அதிர்ந்துபோனேன் என்கிறார். அந்த நொடியில் டாலியோ வந்து, 'நீங்கள் ஜெயித்த பணம், ஐயா' என்று நோட்டுகளை நீட்டுகிறார். ரெய்ன்ஸ் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நல்ல வளர்ப்பில் வளர்ந்தவர் சொல்வதுபோல் 'மிக்க நன்றி' என்கிறார். அடுத்த மூச்சில் 'எல்லோரும் உடனே வெளியே போங்கள்' என்று உரக்க அதட்டுகிறார். வேறொருவர் செய்திருந்தால் கண்ணடித்திருப்பார், அல்லது திருட்டு முழி முழித்திருப்பார். ரெய்ன்ஸ் எதுவும் செய்யவில்லை. இரண்டு வரிகளையும் முழு மனதோடு சொல்கிறார். அந்த மனிதன் லஞ்சத்தோடு எவ்வளவு சௌகரியமாக வாழ்கிறான் என்பது ஐந்து நொடியில் தெரிந்துவிடுகிறது.

நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்தையும் பாருங்கள். நாஜிகளுக்கு உதவும் வில்லன், ஆனால் மனைவியை உண்மையாகக் காதலித்து ஏமாந்தவன். கடைசியில் அவன் தனியாகப் படியேறித் தன் வீட்டுக்குள் திரும்பிப் போகும்போது அவனுக்காகவும் மனசு கனக்கிறது.

பீட்டர் லோரியும் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகிறார்கள்?

'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) படத்தில் அமைந்த ஜோடிப் பொருத்தம்தான். ஒருவர் சின்ன உருவம், ஈரமான பெரிய கண்கள், கெஞ்சுகிறதா மிரட்டுகிறதா என்று தெரியாத குரல். மற்றவர் மலை மாதிரி உடம்பு, நிதானமான பேச்சு, அடித்தொண்டையிலிருந்து எழும் சிரிப்பு. வார்னர் பிரதர்ஸ் விடவில்லை. மொத்தம் ஒன்பது படங்களில் இருவரும் இருக்கிறார்கள்.

கிரீன்ஸ்ட்ரீட் நாடக மேடையில் பல பத்தாண்டுகள் இருந்தவர். சினிமாவில் முதல்முறை நடித்தபோது வயது 61. அந்த முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை. எட்டே வருடம் நடித்துவிட்டு ஓய்வு பெற்றார். லோரியின் பாதை வேறு: ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்பவனாக நடித்து உலகப் புகழ் பெற்றவர், யூதர் என்பதால் 1933இல் கிளம்ப வேண்டியதாயிற்று. ஹிட்ச்காக்கிடமிருந்து தன் முதல் ஆங்கிலப் பட வாய்ப்பு வந்தபோது ஆங்கிலம் தெரியாமல், வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து நடித்தார்.

ஒரே மாதிரி வேடங்களையே செய்துகொண்டிருந்தால் அலுக்காதா?

சிலருக்கு ஒரே வேடம்தான், உண்மை. ஃபிராங்க்ளின் பாங்பார்ன் என்றால் பதற்றப்படும் ஓட்டல் மேனேஜர். ஆனால் அவர் ஒவ்வொரு படத்திலும் பதறுவதற்குப் புதுக் காரணம் கண்டுபிடிப்பார்.

வேறு சிலரோ ஆளே மாறிவிடுவார்கள். வால்டர் பிரென்னன் ஒரு விபத்தில் பல பற்களை இழந்தவர். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் சொன்ன கதை ஒன்று உண்டு: தேர்வுக்கு வந்தவர், 'வைத்துக்கொண்டா, எடுத்துவிட்டா?' என்று கேட்டாராம். எதை என்று கேட்டால், பல்லை! பல் செட்டைக் கழற்றினால் கிழவன், மாட்டினால் நடுவயதுக்காரன். 'ரியோ பிராவோ' படத்தில் ஓயாமல் புலம்பும் அன்பான தாத்தா. 'மை டார்லிங் கிளமன்டைன்' படத்தில் மகன்களைச் சவுக்கால் அடிக்கும் கொடூரமான தகப்பன். இரண்டாவது படத்தில் அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாததைப் பார்த்துப் பயந்துபோனேன்.

எச்.பி. வார்னரையும் சொல்லியாக வேண்டும். 1927இல் செசில் பி. டிமில் எடுத்த ஊமைப்படத்தில் இயேசுவாக நடித்தவர். 1946இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் கவர் என்ற மருந்துக்கடைக்காரர். மகன் இறந்த தந்தி அன்றைக்குத்தான் வந்திருக்கிறது. குடித்துவிட்டு, துக்கத்தில் கைதவறி மாத்திரைக்குள் விஷத்தை நிரப்பிவிடுகிறார். கடைப்பையன் ஜார்ஜ் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வர, வேலை செய்யவில்லை என்று காதோடு சேர்த்து அறைகிறார். பையன் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்கிறான். அவர் மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். புரிந்ததும் அடித்த அதே கையால் பையனை வாரி அணைத்துக்கொள்கிறார். அறை நிஜமாகவே பலமாக விழுந்தது என்றும், ஷாட் முடிந்ததும் வார்னர் தன்னைக் கட்டிக்கொண்டார் என்றும் அந்தச் சிறுவன், பாபி ஆண்டர்சன், பெரியவரான பின் சொல்லியிருக்கிறார்.

இவர்களுக்கு விருதெல்லாம் கிடைத்ததா?

ஆஸ்கரில் துணை நடிப்புக்கான விருது 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அப்போதும் நாயக நாயகியருக்குச் சிலை, இவர்களுக்குப் பலகை வடிவப் பட்டயம். 1944இல் நடந்த விழாவில்தான் முழுச் சிலை கொடுத்தார்கள். முதல் விருதை வாங்கியவர் பிரென்னன். ஐந்து ஆண்டுகளில் மூன்று வாங்கினார். அப்போது எக்ஸ்ட்ரா நடிகர்களுக்கும் வாக்குரிமை இருந்தது, அவர் எக்ஸ்ட்ராவாக இருந்து மேலே வந்தவர். தங்களில் ஒருவர் என்று அவர்கள் வாக்களித்தார்கள் என்று சொல்வதுண்டு.

1944ஆம் ஆண்டின் 'கோயிங் மை வே' படத்தில் வயதான பாதிரியாராக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, ஒரே வேடத்துக்குச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் இரண்டுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். துணை நடிகருக்கானது கிடைத்தது. அதற்குப் பிறகு விதியை மாற்றிவிட்டார்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?

யோசிக்கவே வேண்டாம். தெல்மா ரிட்டர்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1902இல் பிறந்தவர். முதல் படம் வரும்போது வயது 45. 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) படத்தில், பிள்ளைக்குப் பொம்மை தேடித் தேடிக் கால் ஓய்ந்துபோன ஒரு தாய். பெயர்கூட டைட்டிலில் கிடையாது. ஆனால் ஸ்டூடியோ தலைவர் டாரில் ஜானக் கண்ணில் பட்டுவிட்டார். 1950 முதல் 1962 வரை ஆறு முறை சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரை. ஆறு முறையும் வேறு யாருக்கோ போனது.

அவருடைய குரலை முதலில் சொல்ல வேண்டும். கரகரப்பான, தெருமுனைக் கடையில் கேட்கிற குரல். 'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில் நடிகையின் உதவியாளர் பேர்டி. ஈவ் என்ற பெண் தன் சோகக் கதையைச் சொல்லி அறையில் எல்லோரையும் உருக வைக்கிறாள். அவள் நடிக்கிறாள் என்று முதலில் மோப்பம் பிடிப்பவள் பேர்டிதான். ரிட்டர் அதை ஒரு பக்கப் பார்வையில் காட்டிவிடுவார். படத்தின் பிற்பாதியில் பேர்டி காணாமல் போய்விடுகிறாள். அந்த அருமையான படத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை அது.

ஆனால் ரிட்டர் யார் என்று தெரிய வேண்டுமானால் சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953) பார்க்க வேண்டும். அதில் அவர் மோ. டை விற்பாள், கூடவே போலீசுக்குத் துப்பும் விற்பாள். சேர்க்கிற காசெல்லாம் ஒன்றுக்குத்தான்: செத்தால் அனாதைப் பிணமாகப் பொது இடுகாட்டில் புதைக்கக் கூடாது, சொந்தமாக ஓர் இடமும் கல்லும் வேண்டும். முதலில் அதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறாள், நாமும் சிரிக்கிறோம்.

பிறகு ஓர் இரவு. நாளெல்லாம் அலைந்துவிட்டுத் தன் அறைக்கு வருகிறாள். உடம்பு ஒத்துழைக்கவில்லை. கிராமஃபோனில் ஓர் இசைத்தட்டை வைக்கிறாள். படுக்கப் போனால், ஒருவன் ஏற்கெனவே அறைக்குள் இருக்கிறான். ஒரு பிக்பாக்கெட் இளைஞன் எங்கே இருக்கிறான் என்று சொல்லச் சொல்கிறான். மோ துப்பு விற்பவள், வழக்கமாக எதற்கும் ஒரு விலை உண்டு. இந்த முறை விற்க மாட்டேன் என்கிறாள். துப்பாக்கியைப் பார்த்தும் அவளுக்குப் பயமில்லை. இருப்பது அசதி மட்டும். தான் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறாள் என்று சொல்லத் தொடங்குகிறாள். நின்று போகிற பழைய கடிகாரம் மாதிரி ஆகிவிட்டேன் என்ற பொருளில் பேசுகிறாள். ரிட்டர் இந்த இடத்தில் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை, நம்மை அழவைக்கவும் முயலவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கால் செருப்பைக் கழற்றும் ஒரு பெண் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசுகிறார். கேமரா மெல்ல நகர்ந்து கிராமஃபோனுக்குப் போகிறது. பாட்டு முடிகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அந்தப் பிக்பாக்கெட் இளைஞன், ரிச்சர்ட் விட்மார்க், அனாதைப் பிணங்களோடு படகில் போகும் அவளுடைய பெட்டியைத் தேடி வந்து, தானே புதைக்க எடுத்துக்கொண்டு போகிறான். படத்தில் உளவு, ரகசிய மைக்ரோஃபிலிம் என்று என்னென்னவோ இருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது மோவும் அந்தப் பெட்டியும்தான்.

ஹாட்டி மக்டானியல் பற்றிச் சர்ச்சை உண்டல்லவா? வேலைக்காரி வேடங்களை ஏன் ஏற்றார்?

அவருக்கு வேறு வேடம் கொடுக்கப்படவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். 'கான் வித் தி விண்ட்' படத்தில் மாமி என்ற வேலைக்காரியாக நடித்து, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். ஆனால் 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. ஜார்ஜியாவில் நிறவெறிச் சட்டம். 1940 பிப்ரவரி 29 அன்று விருது விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலிலும் கறுப்பர்களுக்கு இடமில்லை. தனி ஏற்பாட்டின் பேரில் உள்ளே அனுமதித்து, சக நடிகர்களோடு உட்காரவிடாமல் சுவரோரம் ஒரு சிறு மேஜையில் உட்காரவைத்தார்கள்.

அந்தப் படம் அடிமை முறையை அழகாக்கிக் காட்டுகிறது, அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. கறுப்பர் உரிமை அமைப்புகள் அப்போதே இந்த வேடங்களைக் கண்டித்தன, நியாயமான கண்டனம். அதே நேரம் அந்தப் படிக்கட்டுக் காட்சியைப் பாருங்கள். ஸ்கார்லெட்டின் குழந்தை இறந்த பிறகு அந்த வீட்டில் நடப்பதை, உறவுக்காரி மெலனிக்குச் சொல்லிக்கொண்டே மக்டானியல் மாடிப்படி ஏறுகிறார். மூச்சு வாங்குகிறது, அழுகை வருகிறது, பேச்சு நிற்கவில்லை. வீட்டின் துக்கம் முழுவதும் அந்தப் படிகளில் தெரிகிறது. எழுதியவர்கள் கொடுத்த வேடம் சிறியது. அவர் அதில் ஒரு பெரிய மனுஷியை வாழவைத்தார்.

1952இல் இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்ற ஆசையும் நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற பட்டயம் பின்னாளில் காணாமல் போனது. 2023இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி அதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்தது.

கிரிக்கெட் வீரர் ஒருவர் இதில் உண்டு என்கிறார்களே?

உண்டு! சி. ஆப்ரி ஸ்மித். அடர்ந்த புருவம், பெரிய மீசை, ஆங்கிலேயக் கர்னல் என்றாலே இவர்தான். 1889இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். அதில் அவர்தான் இங்கிலாந்து கேப்டன், முதல் இன்னிங்ஸில் 19 ரன்களுக்கு 5 விக்கெட், ஆட்டமும் ஜெயம். 1932இல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃப்கூட அங்கே ஆடியிருக்கிறார். திரை நடிகர் சங்கம் 1933இல் தொடங்கியபோதும் முன்னால் நின்றவர்கள் இவர்களைப் போன்ற குணச்சித்திர நடிகர்களே. கார்லாஃப் அதில் தீவிரம். முதல் தலைவர் ரால்ஃப் மார்கனும் குணச்சித்திர நடிகர்தான்.

சில இயக்குநர்கள் ஒரே கூட்டத்தையே வைத்துக்கொண்டார்களே?

ஜான் ஃபோர்டுக்கு வார்ட் பாண்ட், ஜான் குவாலன், ஜேன் டார்வெல். பிரஸ்டன் ஸ்டர்ஜஸுக்கு வில்லியம் டெமரஸ்ட், பாங்பார்ன், ஜிம்மி கான்லின். ஸ்டர்ஜஸின் படங்களில் ரயிலில் வருபவர், பஸ் டிரைவர், சமையல்காரர் எல்லோருக்கும் நல்ல வசனம் இருக்கும். நாயகனை நிறுத்திவைத்துவிட்டு அவர்களைப் பேசவிடுவார். அவருடைய படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான்.

இப்போது அப்படிப்பட்டவர்கள் இல்லையா?

திறமைசாலிகள் எப்போதும் இருக்கிறார்கள். போனது அந்த ஏற்பாடு. ஸ்டூடியோக்கள் சொந்தமாகத் தியேட்டர்களையும் வைத்திருக்கக் கூடாது என்ற வழக்கில் 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூடவே டெலிவிஷன் வந்தது. படங்கள் குறைந்தன, மாதச் செலவு தாங்காமல் ஒப்பந்தங்களை விட்டார்கள். வார்ட் பாண்ட், பிரென்னன் போன்றவர்கள் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போனார்கள். வருடத்துக்கு எட்டு தடவை பார்த்த முகம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டால், வீட்டு மனுஷர் என்ற உணர்வு வராது.

இவர்களைக் கவனித்துப் பார்ப்பதற்கு வழி ஏதாவது சொல்லுங்கள்.

பிடித்த படத்தை இரண்டாம் முறை பாருங்கள். கதை தெரிந்திருப்பதால் கண்ணுக்கு ஓய்வு இருக்கும். நட்சத்திரம் பேசும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். கையில் இருக்கும் பொருளைக் கவனியுங்கள்: வெயிட்டர் தட்டை எப்படித் துடைக்கிறார், குமாஸ்தா பேனாவை எங்கே செருகுகிறார். அப்புறம் பெயரைத் தேடி, அவர் நடித்த இன்னொரு படத்துக்குப் போங்கள். மூன்றே மாதத்தில் உங்களுக்கு ஒரு பெரிய குடும்பம் சேர்ந்துவிடும்.

எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு காட்சி பார்க்கிறேன். எதைப் பார்ப்பது?

லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937). பியூலா பாண்டி. நாலு படங்களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு அம்மாவாக நடித்தவர். இதில் 70 வயது லூசி. அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மகனாக நடிக்கும் தாமஸ் மிட்சலும் ஏறக்குறைய அவர் வயதுதான்.

வங்கியிடம் வீடு பறிபோனதால் வயதான தம்பதி பிரிந்து, ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் இருக்க வேண்டிய நிலை. லூசி நியூயார்க்கில் மகன் வீட்டில். மருமகள் வீட்டிலேயே சீட்டாட்ட வகுப்பு நடத்துகிறாள். ஒரு மாலை நாகரிகமான விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். லூசியின் ஆடும் நாற்காலி கிரீச்சிடுகிறது, எல்லோருக்கும் எரிச்சல். அந்த நேரம் டெலிபோன். தொலைவிலிருந்து கணவர். லூசிக்கு டெலிபோனில் மெதுவாகப் பேசத் தெரியாது, கத்திப் பேசுகிறாள். அறையில் ஆட்டம் நிற்கிறது. முதலில் சங்கடமான சிரிப்பு. அவள் பேசிக்கொண்டே போகிறாள்: உடம்பு எப்படி இருக்கிறது, குளிருக்கு எதைப் போட்டுக்கொள்கிறீர்கள், இந்தப் பேச்சுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல கம்பளித் துண்டு வாங்கியிருக்கலாமே. பாண்டி அந்த அறையில் வேறு யாரும் இருப்பதாகவே நினைக்காமல் நடிக்கிறார். சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறுகிறது. அவள் விடைபெற்று ரிசீவரை வைக்கும்போது அறையில் யாரும் பேசவில்லை.